இரவிகுளம்: பட்டியலில் இருப்பதில் பாதி பூங்காவுக்கு வெளியே!

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையோ ஆயுத பூஜை விடுப்போ நெருங்கிவிட்டால் பயணப் பக்கங்களில் கேரளத்தின் மூணாறு தலைகாட்டிவிடும். இரவிகுளம் தேசியப் பூங்காவில் பார்த்தே தீர வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியல், பக்கத்தில் மூடுபனியில் நிற்கும் வரையாட்டின் படம். பட்டியலைப் படித்தால் மாட்டுப்பட்டி அணை இருக்கும், குண்டளை ஏரி இருக்கும், டாப் ஸ்டேஷனும் கொழுக்குமலைச் சூரிய உதயமும் இருக்கும். இவற்றில் ஒன்றுகூடப் பூங்காவுக்குள் இல்லை. கொழுக்குமலை நம் தேனி மாவட்டம். டாப் ஸ்டேஷன் தமிழக எல்லையில் இருக்கிறது. மூணாறிலிருந்து கிழக்கே போகும் வேறு சாலை அது. பூங்காவின் வாசல் உடுமலைச் சாலையில், ஊருக்கு வடக்கே. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நம்பிக் கிளம்புகிறவர்கள் பாதி நாளை வண்டியிலும் மீதியை வரிசையிலும் கழித்துவிட்டு, வரையாட்டைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறார்கள்.

பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். தேயிலைக் கம்பெனியின் வேட்டைக் காடாக இருந்த இந்தப் புல்மலை 1971ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தால் அரசின் கைக்கு வந்தது. 1975இல் சரணாலயம் ஆனது, 1978இல் தேசியப் பூங்கா ஆனது. 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலை உலக பாரம்பரியச் சின்னமானபோது அதில் இதுவும் சேர்ந்தது. இத்தனை பெரிய காட்டில் சாதாரணப் பயணிக்குத் திறந்திருப்பது ராஜமலை என்னும் ஒரு மூலை மட்டும்தான். ஒன்றரை கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் ஒரு சாலை. அதைப் பட்டியல்கள் சொல்வதில்லை. சொன்னால் பத்து இடம் தேறாது என்பதால் இருக்கலாம். அந்தச் சாலையில் எதைப் பார்ப்பது என்று தெரிந்து போனால் இரண்டு மணி நேரம் போதாது. தெரியாமல் போனால் இருபது நிமிடத்தில் சலித்துவிடும்.

முதலில் தேதி. பூங்கா ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. ஆடி மழையில் இணை சேரும் வரையாடுகள் ஆறு மாதம் சுமந்து தை, மாசியில் குட்டி போடும். அதற்காகப் பெரும்பாலும் பிப்ரவரி தொடக்கம் முதல் மார்ச் இறுதிவரை பூங்காவை மூடுவார்கள். சில ஆண்டுகளில் குட்டிகள் முன்னதாகத் தென்பட்டால் ஜனவரியிலேயே மூடுவதும், பிரசவம் தாமதமானால் ஏப்ரலில் திறப்பதைத் தள்ளிவைப்பதும் உண்டு. ராஜமலை ஆடுகள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லையே, பிறகு எதற்கு மூட வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய ஆடு ஓடாது என்பது சரிதான். பிறந்து இரண்டு மூன்று நாளான குட்டி கூட்டத்தைக் கண்டு மிரண்டு தாயை விட்டு விலகினால், அன்றைக்குச் சிறுத்தைக்கோ செந்நாய்க்கோ அது இரை. குட்டி ஈனும் பாறைச் சரிவுகளில் சில இந்தச் சாலைக்கு மேலேயே இருக்கின்றன. ஆகவே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ‘இரவிகுளம் உட்பட’ என்று யாராவது பயணத் திட்டம் விற்றால் வாங்க வேண்டாம். பூங்காவின் வேலிக்கு வெளியே நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக் கொடுப்பதோடு அது முடிந்துவிடும்.

போகும் முறை எளிதுதான். மூணாறிலிருந்து மறையூர், உடுமலை போகும் சாலையில் பெரியவரை என்ற இடத்தைத் தாண்டி அஞ்சாம் மைல் வரும். சொந்த வண்டி அதுவரைதான். அங்கே சீட்டு வாங்கி வனத்துறைப் பேருந்தில் ஏறினால், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே வளைந்து வளைந்து மேலேற்றிச் சோதனைச் சாவடி அருகே இறக்கிவிடுவார்கள். அதன் பிறகு நடைதான். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் பட்டியல்கள் போடும் தொகையை நம்ப வேண்டாம். வனத்துறையின் இணையதளத்தில் நேரம் குறித்து முன்பதிவு செய்துகொண்டால் வரிசையில் நிற்கும் வேலை மிச்சம். விடுமுறை நாளில் பதினொரு மணிக்கு முன்பதிவு இல்லாமல் போனால் வண்டி நிறுத்த இடம் தேடுவதற்கே ஒரு மணி நேரம் ஆகும். காலை எட்டு மணிக்குக் கிளம்பும் முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். இது சும்மா கூட்டத்துக்காகச் சொல்வதல்ல. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலே வந்து குளிர்ந்து மேகமாகிவிடும். மழைக்காலத்தில் மட்டுமல்ல, நவம்பரில்கூட நண்பகலுக்குப் பிறகு எதிரே இருக்கும் மலை காணாமல் போவது சாதாரணம். ஆடுகளும் காலையில்தான் சாலையோரப் புல்லுக்கு வரும். வெயில் ஏறினால் பாறை நிழலுக்குப் போய்ப் படுத்து அசைபோடும்.

இனி வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது, ஆனால் ஓரிடத்தில் மிக அதிகமாக வாழ்வது கேரளத்தின் இந்தப் பூங்காவில்தான். 2025இல் இரு மாநிலங்களும் சேர்ந்து எடுத்த கணக்கில் மொத்தம் 2,668 ஆடுகள். இரவிகுளத்தில் மட்டும் 841. உலகில் வேறெங்கும் இயற்கையாக இந்த விலங்கு இல்லை. வரை என்றால் மலைப்பாறை, பெயரிலேயே அதன் விலாசம் இருக்கிறது. சங்கப் பாடல்கள் வருடை என்று சொல்வதும் இதைத்தான் என்பார்கள். ஆடு என்று பெயர் இருந்தாலும் மரபணு ஆய்வில் இது செம்மறி இனத்துக்கே நெருக்கம் என்று தெரிந்து, 2005இல் இமயமலைத் தார் ஆட்டின் பேரினத்திலிருந்து பிரித்துத் தனிப் பேரினமாக வைத்தார்கள்.

சாலையோரத்தில் மேயும் சாம்பல் பழுப்பு நிற ஆடுகள் பெட்டைகளும் இளங்கிடாக்களும்தான். பார்த்தவுடன் எல்லாரும் படம் எடுப்பது இவற்றையே. முழு வளர்ச்சி பெற்ற கிடா வேறு மாதிரி இருக்கும். உடல் கரும்பழுப்பு, முதுகில் சேணம் போட்டதுபோல் வெள்ளி நிறத் திட்டு. பெரும்பகுதி ஆண்டு அது பெட்டைக் கூட்டத்தோடு சேராமல் மேலே தனியாகத் திரியும். மழைக்காலத்தில்தான் கூட்டத்துக்குள் இறங்கும். கிடாக்கள் கொம்போடு கொம்பு மோதுவதும் அப்போதுதான். ஆகவே சேணக் கிடாவைப் பார்க்க ஆசைப்படுகிறவர் ஜூலை, ஆகஸ்டில் நனையத் தயாராகப் போக வேண்டும். கைக்குடை அங்கே உதவாது, காற்று அதைத் திருப்பிவிடும். தலைமூடியுள்ள மழைக்கோட்டும் பிடிப்புள்ள செருப்பும் போதும்.

ஓர் ஆட்டையாவது பத்து நிமிடம் நின்று பாருங்கள். கொம்பு இரு பாலுக்கும் உண்டு. நெற்றியிலிருந்து எழும்பிப் பின்னோக்கி வளைந்திருக்கும், மேலே வரிவரியாகக் கணுக்கள் தெரியும். பெட்டைக்கு மெலிந்த கொம்பு. குளம்பைக் கவனியுங்கள்: ஓரம் கெட்டி, உள்பக்கம் மெத்தை. கெட்டி ஓரம் பாறையின் சிறு விளிம்பில் கவ்விக்கொள்ள, மெத்தை வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும். நாம் கை வைத்து ஏறத் தயங்கும் சரிவில் அது மேய்ந்துகொண்டே நடப்பது இதனால்தான். கூட்டம் மேயும்போது ஒன்றிரண்டு மட்டும் தலை தூக்கிப் பள்ளத்தைப் பார்த்தபடி நிற்கும். ஆபத்து என்றால் அதனிடமிருந்து விசில் போன்ற ஒரு சத்தம் வரும், அத்தனையும் பாறையை நோக்கி ஓடும். எதிரி கீழிருந்து வரும் என்பது அதன் கணக்கு. மனிதர்கள் சாலையில் நிற்கும்போது அது அலட்டிக்கொள்ளாததற்கும், சாலைக்கு மேலே ஏறி அதன் தப்பும் வழியை மறித்தால் உடனே மிரள்வதற்கும் காரணம் இதுதான்.

பழகியிருக்கிறது என்பதால் கிட்டே போய்ச் சிப்ஸ் நீட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புல்வெளி மண்ணில் உப்பு குறைவு. அதனால் உப்புச் சுவைக்கு இந்த ஆடு எளிதில் மசியும், வியர்வை படிந்த கைப்பிடியைக்கூட நக்கும். ஒரு தடவை ருசி கண்டால் சாலையை விட்டு நகராது, வண்டியில் அடிபடும், கால்நடைகளின் நோயும் தொற்றும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குத் தரும் அதே பாதுகாப்பில் வரையாடு இருக்கிறது. கொம்பைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக் கைதானவர்களும் உண்டு. கைபேசியில் பெரிதாக எடுக்கத்தான் கிட்டே போகிறோம் என்றால், எட்டு மடங்கு காட்டும் சாதாரண இருகண் நோக்கி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். உணவுப் பொட்டலமும் நெகிழிப் பையும் உள்ளே விடமாட்டார்கள், எனவே சாப்பாட்டைக் கீழேயே முடித்துக்கொள்வது நல்லது.

ஆனைமுடி பற்றி எழுதாத பட்டியலே இல்லை. அதில் ஏறலாம் என்று எழுதுவதுதான் சிக்கல். 2,695 மீட்டர். இமயத்துக்குத் தெற்கே இந்தியாவில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. 1862 மே மாதம் சென்னை ராணுவத்தின் டக்ளஸ் ஹாமில்டன் ஏறியதே பதிவாகியுள்ள முதல் ஏற்றம். இன்றைக்குச் சுற்றுலாப் பயணிக்கு ஏற அனுமதி இல்லை. உச்சிப் பகுதியில் வாழும் ஒரு சிறு தவளை, ஆரஞ்சுச் சிவப்பு நிறத்தில், 2010இல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. அதற்கு உலகத்தில் இருக்கும் இடமே ஏறக்குறைய இந்த மலைமுடிதான். அங்கே ஒரு பாதை தேய்ந்தாலே போதும், அது அழிந்துவிடும். ஏற முடியாவிட்டாலும் பார்க்கலாம். இங்கேதான் வேடிக்கை: ராஜமலைச் சாலை சிகரத்தின் அடிவாரச் சரிவிலேயே போவதால் படத்தில் பார்த்த யானைத் தலை வடிவம் தெரியாது, ஒரு பாறைச் சுவராகத்தான் தெரியும். ஆனைமுடி எங்கே என்று கேட்டுக்கொண்டே அதன் கீழே நடந்து திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர்.

குறிஞ்சிக்கு வருவோம். மற்ற எதைவிடவும் தவறான செய்தி அதிகம் வருவது இதைப் பற்றித்தான். இரவிகுளத்தில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. ஆண்டுதோறும் ‘மூணாறில் குறிஞ்சி பூத்தது’ என்று வரும் செய்தியும் முழுப் பொய் அல்ல. குறிஞ்சி இனத்தில் பல வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று. நீலக்குறிஞ்சியிலேயே மலைக்கு மலை கணக்கு மாறும். 2022இல் இடுக்கியின் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறையில் பூத்தது அப்படித்தான். எந்த வகை, எந்த மலை என்று சொல்லாமல் செய்தி போட்டால் வாசகர் ராஜமலைக்குப் போய் வெறும் புதரைப் பார்த்துத் திட்டுவார். 2018 பூப்புக்கும் ஒரு சோதனை வந்தது. ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியவரைப் பாலம் இடிந்து மூணாறிலிருந்து ராஜமலை போகும் வழியே அறுந்தது. பருவத்தின் சிறந்த வாரங்கள் மழையிலும் மண்சரிவிலும் போயின. 2030க்கு இப்போதே நாள் குறிப்பவர்கள் ஆகஸ்டை மட்டும் நம்பாமல் செப்டம்பரையும் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

பூ இல்லாத ஆண்டிலும் செடி அங்கேதான் நிற்கிறது. முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரம், எதிரெதிராக இலைகள், இலையின் ஓரத்தில் ரம்பப் பல், நரம்புகள் ஆழப் பதிந்திருக்கும். சரிவில் கூட்டம் கூட்டமாக இருக்கும். பூத்து விதை முற்றியதும் அந்தத் தலைமுறை மொத்தமும் காய்ந்து செத்துவிடும், உதிர்ந்த விதையிலிருந்து அடுத்த மழைக்குப் புதுத் தலைமுறை கிளம்பும். அதாவது இன்று சாலையோரம் நிற்கும் செடிகள் 2018 பூவின் பிள்ளைகள். பூவுக்காகவே வருகிறவர் செப்டம்பர், அக்டோபரில் வந்தால் ஈரப்பாறைகளில் காசித்தும்பை இனப் பூக்கள் இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும். விரல்நுனி அளவுதான், குனிந்து பார்க்க வேண்டும்.

பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாத ஒன்றுதான் இந்தப் பூங்காவிலேயே பெரிய காட்சி: சோலையும் புல்வெளியும் சேரும் கோடு. எதிர்மலையைப் பாருங்கள். மேடெல்லாம் புல், மடிப்பும் பள்ளமும் மட்டும் கரும்பச்சைக் காடு. இரண்டுக்கும் நடுவே கத்தரித்துவிட்டதுபோல் ஓர் எல்லை. யாரோ காட்டை வெட்டியதால் வந்த புல்வெளி என்று வெகுகாலம் நினைத்தார்கள். நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆய்ந்தபோது 20,000 ஆண்டுக்கும் மேலாகவே அங்கே புல்வெளி இருந்துவருவது தெரிந்தது. டிசம்பர், ஜனவரியில் திறந்த வெளியில் உறைபனி விழும், அதில் மர நாற்று கருகிவிடும். புல்லின் வேர் தப்பிவிடும். பள்ளத்தில் ஈரமும் மரங்களின் மறைப்பும் இருப்பதால் அங்கே மட்டும் சோலை நிற்கிறது. காற்றின் அடியில் மரங்கள் உயரமாக வளராமல், தலைகளெல்லாம் ஒரே மட்டத்தில், குடை விரித்தாற்போல் நெருங்கிக்கொள்ளும். துளிர்விடும் காலத்தில் நாவல் இனத்து மரங்களின் இளந்தளிர் சிவப்பாக இருப்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் பூத்ததுபோல் தெரியும். புல்வெளியில் ஒற்றை ஒற்றையாக நிற்கும் முறுக்கிய மரம் காட்டுப்பூவரசு; குளிர்காலத்தில் அதில் ரத்தச் சிவப்பில் பூங்கொத்து இருக்கும். உறைபனியையும் தாங்கிப் புல்வெளி நடுவே நிற்கத் தெரிந்த மரம் அது.

இந்தப் புல்வெளி மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி மெல்ல விடுகிறது. மேற்கே ஒழுகுவது பெரியாற்றுக்கு, கிழக்கே ஒழுகுவது பாம்பாற்றுக்கு. பாம்பாறு அமராவதியில் சேர்ந்து, உடுமலை, தாராபுரம், கரூர் வயல்களைத் தொட்டுக் காவிரிக்குப் போகிறது. தண்ணீருக்காக ஆண்டுதோறும் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கும் நம் ஊர் விவசாயியின் மடை உண்மையில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பூங்காவின் நீரை நேரில் தொட வேண்டுமானால் லக்கம் அருவிக்குப் போக வேண்டும். இரவிகுளம் பீடபூமியிலிருந்து இறங்கும் ஓடை மறையூர்ச் சாலையோரத்திலேயே அருவியாக விழுகிறது, வனத்துறையே நிர்வகிக்கிறது. ராஜமலைக்கு வந்து மூணாறு திரும்பிவிடுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். மழை முடிந்த மாதங்களில் நல்ல நீர், ஏப்ரலில் மெலிந்திருக்கும். பாறை பாசி பிடித்தது. அனுமதித்த இடத்துக்கு மேலே ஏறினால் வழுக்கும், மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே நீர் திடீரென்று பெருகும்.

உடுமலை வழியாக வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. அமராவதி, சின்னாறு, மறையூர், லக்கம், அதற்குப் பிறகு அஞ்சாம் மைல், கடைசியில்தான் மூணாறு. வழியில் பூங்காவைத் தாண்டிப் போய் ஊரில் அறை எடுத்துவிட்டு மறுநாள் திரும்பி வருவதைவிட, மறையூரில் தங்கி விடியலில் கிளம்பினால் எதிர்த்திசை நெரிசல் இருக்காது. சின்னாறு மழைமறைவுப் பகுதி. முட்புதரும் வறண்ட காடும் ஒரு மணி நேரப் பயணத்தில் உறைபனிப் புல்வெளியாக மாறுவதை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். அந்தக் காட்டுச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு, எனவே பொழுதோடு சோதனைச் சாவடியைக் கடந்துவிட வேண்டும். போடி வழியாக வருகிறவர்கள் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, தேவிகுளம் தாண்டி மூணாறு வந்துதான் வடக்கே திரும்ப வேண்டும். காலை முதல் பேருந்துக்கு அவர்கள் முந்தின நாளே வந்து தங்குவதுதான் வழி. மூணாறைச் சுற்றிய சாலைகளில் அந்தி சாய்ந்தால் யானை நிற்கும். ஊரார் படையப்பா என்று பெயர் வைத்திருக்கும் கொம்பன் கடைகளையே பார்வையிடுகிறவர். எதிரில் யானை தெரிந்தால் ஒலிப்பான் அடிக்காமல், வண்டியைப் பின்னெடுத்துக் காத்திருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராஜமலையில் உள்ளே விடவில்லை என்பதற்காக ‘மறைவான பாதை’ காட்டுகிறோம் என்று கூப்பிடுகிறவர்களுடன் எந்தப் புல்மலையிலும் ஏறக் கூடாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து கிடக்கும், காற்றும் பலமாக வீசும், தீ மனிதனைவிட வேகமாக மேலேறும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில்தான். நடக்க விரும்புகிறவர்கள் வனத்துறையே வழிகாட்டியோடு நடத்தும் நடைகளைக் கேட்டுப் போகலாம். உடன் வரும் முதுவர் இன வழிகாட்டிகளுக்கு நம் தமிழோடு நெருங்கிய பேச்சு. லக்கம்குடி என்ற அவர்களது குடியிருப்பு பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. அது பார்வையிடும் இடம் அல்ல.

அடுத்த முறை இரவிகுளம் பற்றி வெளியிடும்போது, படத்துக்குக் கீழே நான்கு வரிப் பெட்டிச் செய்தி ஒன்று சேர்த்தால் நல்லது: மூடியிருக்கும் மாதங்கள், முன்பதிவு, வண்டி அஞ்சாம் மைல் வரைதான், குறிஞ்சி 2030. கூடவே மாட்டுப்பட்டியையும் டாப் ஸ்டேஷனையும் ‘மூணாறைச் சுற்றி’ என்ற தனித் தலைப்புக்கு மாற்றிவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உடுமலைப்பேட்டை.